கடலில் இருந்து எழுந்த மிருகம்: ஒரு சாதாரணப் பார்வையாளனின் குறிப்புகள்

திரைப்படங்கள் பற்றி எழுதுவதற்கு எனக்குத் தகுதி எதுவும் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் சினிமாவைப் படித்தவன் அல்லன். கிடைத்ததைப் பார்ப்பவன்; பார்த்ததில் பாதியை மறந்து விடுபவன். அதிலும் விஞ்ஞானப் புனைகதைப் படங்கள், இராட்சத மிருகப் படங்கள் என்றால் அவை சிறுவர்களுக்கானவை என்ற எண்ணமே நெடுங்காலம் என்னிடம் இருந்தது. இலக்கியம் பேசுகின்ற நண்பர்கள் கூடும் இடங்களில் இவ்வகைப் படங்களின் பெயரைச் சொல்லவும் கூச்சமாக இருக்கும். அந்த எண்ணம் எப்படி மாறியது என்பதையும், அந்த மாற்றத்தின் வழியே நான் அறிந்துகொண்ட ஒரு வரலாற்றையுமே இங்கு பதிவு செய்ய விரும்புகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் எங்கள் கிழக்குக் கரையோரக் கிராமத்தில் பெருநாள் இரவுகளில் டீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்துப் படம் போடுவார்கள். மூன்று படங்கள் ஓடும். முதல் இரண்டும் தமிழ்ப் படங்கள். மூன்றாவது, விடியற்காலையில் பெரியவர்கள் தூங்கிய பின் எங்களுக்காகப் போடப்படும் ஓர் ஆங்கிலப் படம். அப்படி ஒரு பெருநாளில்தான் கொட்ஸில்லாவை முதன்முதலாகப் பார்த்தேன். இராட்சதக் குரங்கு ஒன்றும், முதுகில் செதில் வரிசை உடைய பல்லி போன்ற மிருகம் ஒன்றும் மல்லுக்கட்டிக் கொண்டிருந்தன. கட்டடங்கள் தீப்பெட்டிகளைப் போல நொறுங்கின. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

வாப்பா சுபஹுக்காக எழும்பியவர் வாசலில் நின்று சிறிது நேரம் பார்த்தார். கரைவலைத் தொழில் செய்தவர் அவர். கடலில் இருந்து எது வந்தாலும் உற்றுப் பார்க்கின்ற பழக்கம் அவருக்கு. “மகன், இது ஏன் இப்பிடிக் கோவப்படுது? அதுக்கு ஆரு என்ன செஞ்ச?” என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அந்தப் படத்திலும் பதில் இருக்கவில்லை. “சும்மா படம் வாப்பா” என்றேன். அவர் வுளூ எடுக்கப் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்கான பதிலை நான் கண்டுபிடிக்க ஏறத்தாழ இருபது வருடங்கள் ஆகின. அதற்குள் வாப்பா மௌத்தாகி விட்டார். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி எங்கள் ஊரின் கடலோர வரிசைகளும் இல்லாமற் போயின. 2007 ஆம் ஆண்டில் கொழும்பில் இருந்து வந்த நண்பர் ஒருவர் ஒரு டீவீடியைத் தந்தார். கறுப்பு வெள்ளை. ஜப்பானிய மொழி. கீழே ஆங்கில எழுத்துகள். 1954 ஆம் ஆண்டின் ‘கொஜிரா’. கொட்ஸில்லா என்று உலகம் அறிந்த மிருகத்தின் முதற்படம், வெட்டப்படாத வடிவத்தில்.

சிரிப்பதற்குத் தயாராகவே அமர்ந்தேன். முதல் காட்சியில் ஒரு கப்பல். வேலை முடிந்து மேற்தட்டில் ஓய்வாக இருக்கிறார்கள் மாலுமிகள். திடீரெனக் கடல் வெண்மையாகப் பொங்குகிறது. கண்ணைப் பறிக்கும் ஒளி. கப்பல் எரிந்து மூழ்குகிறது. அடுத்து, காணாமற் போனவர்களின் உறவினர் அலுவலகம் ஒன்றில் முண்டியடித்துக்கொண்டு பெயர் கேட்கிறார்கள். அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்தினேன். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டப்பட்டிருந்த பெயர்ப் பட்டியலின் முன்னால் இப்படித்தான் நானும் நின்றேன். சிறிது நேரத்தின் பின் மீண்டும் போட்டுப் பார்த்தேன். அன்று முதல்தான் இந்தப் படத்தின் பின்னால் உள்ள கதையைத் தேடத் தொடங்கினேன்.

அந்தக் கதை 1954 மார்ச் 1 ஆம் திகதி அதிகாலையில் தொடங்குகிறது. பசுபிக் சமுத்திரத்தின் மார்ஷல் தீவுகளில் உள்ள பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஓர் ஐதரசன் குண்டை வெடிக்க வைத்தது. ‘பிராவோ’ என்பது அப்பரீட்சைக்கு இடப்பட்ட பெயர். ஆறு மெகாதொன் அளவில் வெடிக்கும் என்று விஞ்ஞானிகள் கணித்திருந்தார்கள். வெடித்தது 15 மெகாதொன். ஹிரோஷிமாவில் வீசப்பட்டதைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. பிகினியில் இருந்து சுமார் 160 கிலோமீற்றர் தொலைவில், அமெரிக்கா அறிவித்திருந்த ஆபத்து வலயத்துக்கு வெளியே, சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு ஜப்பானிய மரப்படகு. ஷிஸுஓகா மாகாணத்தின் யாய்சு துறைமுகத்தைச் சேர்ந்தது. ‘டைகோ ஃபுகுரியு மாரு’ என்பது அதன் பெயர். ஐந்தாம் இலக்க அதிர்ஷ்ட டிராகன் என்று பொருள். படகில் 23 பேர் இருந்தார்கள்.

மேற்கு வானில் சூரியன் உதித்தது போல ஓர் ஒளியை அவர்கள் கண்டார்கள். சில மணித்தியாலங்களின் பின் வானத்தில் இருந்து வெண்ணிறத் தூள் பொழியத் தொடங்கியது. குண்டு பொடியாக்கி மேலே எறிந்த பவளப் பாறையின் சாம்பல் அது. தலையில், தோளில், மீன்களின் மேல், வலை கயிற்றின் மேல் எல்லாம் படிந்தது. அது என்னவென்று தெரியாத அவர்கள் கைகளால் தட்டிவிட்டார்கள். சிலர் நாக்கில் வைத்தும் பார்த்தார்கள். அன்று மாலையே வாந்தியும் தலைச்சுற்றும் தொடங்கின. பின் தோல் கறுத்தது, தலைமயிர் உதிர்ந்தது. மார்ச் 14 ஆம் திகதி யாய்சுவை வந்தடைந்தார்கள். 16 ஆம் திகதி யொமியுரி பத்திரிகை செய்தியை வெளியிட்டது. ‘மரணச் சாம்பல்’ என்ற புதிய சொல் ஜப்பானிய மொழியில் புகுந்தது.

இதைத் தொடர்ந்து ஜப்பான் முழுவதும் மீன் சந்தைகள் ஸ்தம்பித்தன. நூற்றுக்கணக்கான படகுகளின் மீன்களில் கதிர்வீச்சு கண்டறியப்பட்டது. தொன் கணக்கில் சூரை மீன் புதைக்கப்பட்டது, கடலில் கொட்டப்பட்டது. கதிர்வீச்சு இல்லாத மீனையும் வாங்குவாரில்லை. மழையிலும் கதிர்வீச்சு கலந்திருந்தது. இந்த இடத்தை வாசித்தபோது எங்கள் கரை என் கண்முன் வந்தது. ஆழிப்பேரலைக்குப் பின் பல வாரங்கள் எங்கள் மக்கள் மீன் உண்ணவில்லை. கடல் எத்தனை ஜனாஸாக்களைக் கொண்டு போயிற்று என்பதை அறிந்தவர்களுக்கு அந்த மீன் தொண்டையில் இறங்கவில்லை. எஞ்சிய தோணிகளைக் கொண்டு தொழிலுக்குப் போனவர்கள்கூட மீனை விற்க முடியாமல் திரும்பினார்கள். தன் கடலையே அஞ்சுகின்ற ஒரு மீனவ சமூகத்தின் நிலையை விளங்கிக்கொள்ள எனக்கு வேறு உரை தேவைப்படவில்லை.

அந்தப் படகு ஆபத்து வலயத்துக்குள் இருந்திருக்க வேண்டும் என்று அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழுவின் தலைவர் லூயிஸ் ஸ்ட்ரோஸ் பகிரங்கமாகக் கூறினார். அது உண்மையல்ல. படகின் வானொலி இயக்குநரான ஐகிச்சி குபோயாமா செப்டெம்பர் 23 ஆம் திகதி ஆஸ்பத்திரியில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 40. 1955 ஜனவரியில், சட்டப் பொறுப்பு எதையும் ஏற்காமல், இருபது இலட்சம் டொலரை வழங்கி அமெரிக்கா விவகாரத்தை முடித்துக் கொண்டது.

டோஹோ படக் கம்பனியின் தயாரிப்பாளரான டொமொயுகி டனாகா இதே 1954 இன் வசந்த காலத்தில் ஒரு சிக்கலில் இருந்தார். இந்தோனேசியாவுடன் கூட்டுத் தயாரிப்பாக அவர் திட்டமிட்டிருந்த படம் ஒன்று கைவிடப்பட்டிருந்தது. யுத்தம் முடிந்த பின் இந்தோனேசியாவிலேயே தங்கி, அதன் சுதந்திரப் போரில் பங்குகொண்ட ஒரு ஜப்பானியச் சிப்பாயின் கதை அது. படப்பிடிப்புக் குழுவுக்கு விசா வழங்க இந்தோனேசிய அரசு மறுத்து விட்டது. 1942 முதல் 1945 வரையான ஜப்பானிய ஆக்கிரமிப்பையும், கட்டாய உழைப்பில் மாண்டவர்களையும் அந்நாடு மறந்திருக்கவில்லை. நட்டஈட்டுப் பேச்சுவார்த்தையும் இழுபட்டுக் கொண்டிருந்தது. வெறுங்கையுடன் டோக்கியோ திரும்பும் விமானத்தில் கீழே விரிந்த கடலைப் பார்த்துக்கொண்டு வந்த டனாகாவுக்கு, ஐதரசன் குண்டால் எழுப்பப்பட்ட ஒரு மிருகம் அந்தக் கடலில் இருந்து வந்தால் என்ன என்ற எண்ணம் தோன்றியதாம்.

அந்த எண்ணம் முழுக்கவும் அவருடையது என்று கூற முடியாது. 1933 இல் வெளியான ‘கிங் கொங்’ 1952 இல் மீண்டும் திரையிடப்பட்டுப் பெரும் வருவாய் ஈட்டியிருந்தது. 1953 இல் அமெரிக்காவில் ‘இருபதாயிரம் பாக ஆழத்து மிருகம்’ என்ற படம் வந்திருந்தது. ஆர்க்டிக் பகுதியில் நடைபெறும் அணுப் பரீட்சை ஒன்றினால் பனிக்குள் உறைந்திருந்த விலங்கு விழித்து நியூயோர்க்கைத் தாக்குவதே அதன் கதை. 1954 இலேயே ‘தெம்!’ என்ற படத்தில், நியூ மெக்சிகோவின் முதலாவது அணுப் பரீட்சையின் விளைவாக எறும்புகள் யானையளவில் வளர்ந்தன. ஆகவே அணுகுண்டும் இராட்சத மிருகமும் சேர்ந்த கதை அக்காலத்தின் பொதுச் சொத்தாக இருந்தது எனலாம்.

ஆனால் இரண்டு நாடுகளின் படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கும் என் போன்ற சாதாரணப் பார்வையாளனுக்கும் ஒரு வேறுபாடு உடனே தெரிகிறது. அமெரிக்கப் படத்தில் நியூயோர்க்கைத் தாக்கிய மிருகத்தை எதைக் கொண்டு கொல்கிறார்கள்? கதிரியக்கப் பொருள் பொதிந்த எறிகணையைக் கொண்டு. அணுவால் விளைந்த நோய்க்கு அணுவே மருந்து. இராணுவமும் விஞ்ஞானமும் கைகோர்த்து வெல்கின்றன. ‘தெம்!’ படத்தின் முடிவில் மட்டும் ஒரு முதிய விஞ்ஞானி எதிர்காலத்தை எண்ணிக் கவலைப்படுகிறார். அந்த நாடு குண்டைப் போட்டது. குண்டை வாங்கிக்கொண்ட நாட்டின் படம் அப்படி முடிய முடியாது.

‘கொஜிரா’வை இயக்கிய இஷிரோ ஹொண்டா சீனப் போர்முனையில் பல வருடங்கள் சிப்பாயாக இருந்தவர். 1946 இல் நாடு திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைக் கடந்து வந்தவர். அங்கு கண்டதை அவர் மறக்கவில்லை. கொரில்லாவுக்கான ஜப்பானியச் சொல்லையும் திமிங்கிலத்துக்கான சொல்லையும் இணைத்து ‘கொஜிரா’ என்று பெயர் வைத்தார்கள். தந்திரக் காட்சிகளை அமைத்த எய்ஜி சுபுராயா, ‘கிங் கொங்’ போலப் பொம்மையைச் சிறிது சிறிதாக அசைத்துப் படமெடுக்கவே விரும்பினார். அதற்குக் காலமும் பணமும் இல்லை. ஆகவே மனிதன் ஒருவன் உள்ளே புகுந்து நடக்கும் இறப்பர் உடை செய்யப்பட்டது. முதல் உடையின் எடை ஏறத்தாழ 100 கிலோ. அதற்குள் ஹருஓ நகாஜிமா என்ற நடிகர் விளக்கு வெப்பத்தில் வியர்வை ஒழுக, 1:25 அளவில் செய்யப்பட்ட டோக்கியோவை மிதித்து நடந்தார். அந்த மிருகத்தின் உறுமல் கூட ஒரு விலங்கினுடையது அல்ல. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, பிசின் தடவிய தோல் கையுறையால் பெரிய வயலின் போன்ற வாத்தியம் ஒன்றின் தந்தியை உரசி அதனை உருவாக்கினார். அதன் தோல், அணுகுண்டில் தப்பியவர்களின் உடலில் இருந்த தீத்தழும்புகளை ஒத்திருக்கிறது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தோலை உற்றுப் பார்த்த பின் எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை.

குபோயாமா இறந்து ஆறு வாரங்கள் நிரம்புவதற்குள், 1954 நவம்பர் 3 ஆம் திகதி, படம் திரைக்கு வந்தது. ஏறத்தாழ 96 இலட்சம் பேர் பார்த்தார்கள். அவர்கள் திரையில் எதைக் கண்டார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ரயிலில் போகும் ஒரு பெண், கதிர்வீச்சு மீன் போதாதென்று இப்போது கொஜிராவா என்று அலுத்துக் கொள்கிறாள். நாகசாகியில் தப்பி வந்த உயிர் இதற்காகவா என்கிறாள். பாராளுமன்றத்தில், உண்மையை வெளியிட்டால் வெளிநாட்டு உறவு பாதிக்கும் என்கிறார் ஓர் உறுப்பினர். பெண் உறுப்பினர்கள் எழுந்து, உண்மையை மக்களுக்குச் சொல்லுங்கள் என்று கூச்சலிடுகிறார்கள். எரியும் நகரத்தில் ஒரு தாய் பிள்ளைகளை அணைத்தபடி, வாப்பாவிடம் போய்ச் சேரப் போகிறோம் என்று ஆறுதல் சொல்கிறாள். சண்டையில் இறந்த கணவனையே அவள் சொல்கிறாள் என்று எண்ணுகிறேன். 1945 மார்ச்சில் ஒரே இரவில் டோக்கியோவில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேரை எரித்த விமானத் தாக்குதலைக் கண்டவர்கள் அந்தத் தியேட்டர்களில் இருந்தார்கள்.

ஜப்பானை ஆண்ட ஆக்கிரமிப்பு நிர்வாகம் 1945 செப்டெம்பர் முதலே அணுகுண்டு அழிவு பற்றிய செய்திகளையும் படங்களையும் தணிக்கை செய்து வந்தது. ஆக்கிரமிப்பு முடிந்தது 1952 ஏப்ரலில்தான். ஒரு சமூகம் தன் இறந்தவர்களைப் பற்றி வாய்விட்டு அழ வருடக் கணக்கில் தடுக்கப்பட்டிருந்தது. அந்த அழுகைக்கு ஓர் இறப்பர் மிருகம் வழி திறந்தது. இதைத்தான் நாங்கள் பெருநாள் இரவில் விழுந்து விழுந்து சிரித்தோம்.

படத்தின் முடிவும் கவனிக்கத் தக்கது. போரில் ஒரு கண்ணை இழந்த இளம் விஞ்ஞானி செரிசாவா, கடல் நீரின் ஒட்சிசனை அழிக்கும் பயங்கரமான பொருள் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். மிருகத்தைக் கொல்ல அதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் ஒரு தடவை பாவித்து விட்டால் வல்லரசுகள் அதைத் தன்னிடம் இருந்து பறித்து ஆயுதமாக்கும் என்று அஞ்சுகிறார். குறிப்புகளை எரிக்கிறார். கடலடியில் தன் காற்றுக் குழாயை வெட்டி, மிருகத்துடனேயே இறந்து போகிறார், இரகசியம் தன்னுடன் அழியட்டும் என்று. கடைசியில் முதிய விஞ்ஞானி யமானே, குண்டுப் பரீட்சைகள் தொடர்ந்தால் இன்னொரு கொஜிரா எங்காவது தோன்றும் என்று முணுமுணுக்கிறார். வெற்றி முழக்கம் இல்லை.

இந்தப் படம் 1956 இல் அமெரிக்காவில் வெளியானபோது 96 நிமிடம் 80 நிமிடமாயிற்று. ரேமண்ட் பர் என்ற நடிகர் அமெரிக்கப் பத்திரிகையாளராக இடையிடையே நுழைக்கப்பட்டார். ஐதரசன் குண்டு என்ற சொல் முற்றாக நீக்கப்படவில்லை என்பதைக் கூறியாக வேண்டும். ஆனால் நாகசாகியில் தப்பிய பெண்ணைக் காணவில்லை. பாராளுமன்றச் சச்சரவைக் காணவில்லை. யமானேயின் எச்சரிக்கையும் இல்லை. அபாயம் நீங்கிற்று, உலகம் இனி நிம்மதியாக வாழலாம் என்று அந்தப் பத்திரிகையாளர் முடித்து வைக்கிறார். ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலான உலகம் கண்டது இந்த வடிவத்தையே. மூலப்படம் ஆங்கிலத் துணைத் தலைப்புகளுடன் அமெரிக்கத் தியேட்டர்களுக்குப் பரவலாக வந்தது 2004 இல்தான். பிற்பாடு டோஹோ கம்பனியே மிருகத்தைக் குத்துச்சண்டை வீரனாகவும் சிறுவர்களின் தோழனாகவும் மாற்றியது. எங்கள் பெருநாள் படம் அந்தப் பரம்பரையில் வந்தது. ஆகவே வெட்டியவர்கள் அமெரிக்கர் மட்டுமல்லர்.

1998 இல் ஹொலிவூட் எடுத்த படத்தில், மிருகத்தை உருவாக்கிய பரீட்சை பிரான்ஸினுடையது ஆகிவிட்டது. பிரான்ஸும் 1966 முதல் 1996 வரை பசுபிக்கில் குண்டு வெடித்த நாடுதான். ஆயினும் கதை சொல்பவர் தன் கையைத் துடைத்துக் கொண்டது தெரிகிறது. 2014 இல் வந்த ஹொலிவூட் படமோ இன்னும் ஒரு படி சென்றது. 1954 இல் பிகினியில் வெடித்தவை பரீட்சைகளே அல்ல, அந்த மிருகத்தைக் கொல்ல எடுத்த முயற்சிகள் என்றது. குண்டு மிருகத்தை எழுப்பியது என்ற கதை, மிருகம் வந்ததால் குண்டு போடப்பட்டது என்று தலைகீழாயிற்று. தியேட்டரில் என் அருகில் இருந்த இளைஞர்கள் கைதட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என் பெருநாள் சிரிப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆனால் நியாயமாகப் பேசுவதானால், மூலப்படத்திலும் சில மௌனங்கள் இருக்கின்றன. குண்டை வெடித்த நாட்டின் பெயரை அது ஓர் இடத்திலும் குற்றஞ்சாட்டிச் சொல்லவில்லை. ஜப்பான் ஆசியாவில் செய்ததும் அதில் இல்லை. தந்திரக் காட்சிகளை அமைத்த அதே சுபுராயா, 1942 இல் பேர்ள் ஹாபர் தாக்குதலைக் கொண்டாடும் பிரசாரப் படத்துக்கும் சிறு மாதிரிக் கப்பல்களைச் செய்து கொடுத்தவர். அதே வருடம் ஏப்ரல் 5 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு வீசின. 9 ஆம் திகதி திருகோணமலையில் வீசின. மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. அதன் சிதைவு இன்றும் எங்கள் கடலடியில் கிடக்கிறது. ‘ஜப்பான்காரன் குண்டு போட்ட காலம்’ என்று எங்கள் மூத்தவர்கள் காலத்தைக் கணித்தது அதனால்தான். ‘கொஜிரா’ எடுக்கப்படுவதற்குக் காரணமாயிருந்த அந்த இந்தோனேசிய விசா மறுப்பை நான் அடிக்கடி நினைப்பேன். ஒரு நாட்டின் காயம் கதவை மூடியதால் இன்னொரு நாட்டின் காயம் படமாயிற்று. மூடிய கதவுக்குப் பின்னால் இருந்தவர்களோ படத்தில் இல்லை.

அவர்களைவிடவும் முற்றாக விடுபட்டவர்கள் மார்ஷல் தீவு மக்கள். பிகினி மக்கள் 167 பேரும் 1946 இலேயே பரீட்சைக்காக இடம்பெயர்க்கப்பட்டிருந்தார்கள். 1954 மார்ச் 1 ஆம் திகதி அயல் தீவான ரொங்கெலாப்பிலும் அந்த வெண்தூள் பொழிந்தது. சிறுவர்கள் அதை அள்ளி விளையாடினார்கள். இரண்டு நாட்களின் பின்னரே அம்மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பின் மருத்துவ ஆய்வுக்கும் உள்ளானார்கள். 1957 இல் ஆபத்தில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள், நோயும் குறைப்பிரசவங்களும் தாங்க மாட்டாமல் 1985 இல் தாங்களாகவே தீவை விட்டு நீங்கினார்கள். 1946 முதல் 1958 வரை அத்தீவுகளில் வெடித்தவை 67 குண்டுகள். நான் பார்த்த எந்த மிருகப் படத்திலும் ஒரு ரொங்கெலாப் பிள்ளையின் முகத்தைக் கண்டதில்லை.

இக்காலத்தில் ஆசியா பேசாமல் இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1954 ஏப்ரலில் நேரு இப்பரீட்சைகளை நிறுத்தும்படி கோரினார். அம்மாத இறுதியில் கொழும்பில் கூடிய இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா ஆகிய ஐந்து நாடுகளின் பிரதமர்களும் ஐதரசன் குண்டு வெடிப்புகளை இடைநிறுத்தும் யோசனையை வரவேற்றார்கள். டோக்கியோவின் சுகினாமி பகுதியில் குடும்பப் பெண்கள் தொடங்கிய கையெழுத்து இயக்கம் 1955 ஆகஸ்ட் அளவில் மூன்று கோடியைத் தாண்டியது. அந்த எழுச்சியில் பிறந்ததே அணுகுண்டில் தப்பியவர்களின் ‘நிஹொன் ஹிதான்கியோ’ அமைப்பு. 1956 இல் தொடங்கப்பட்ட அதற்கு 2024 இல்தான் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. அதே வருடம் மார்ச்சில் ‘கொட்ஸில்லா மைனஸ் வன்’ படம் தந்திரக் காட்சிகளுக்காக ஒஸ்கார் பெற்றது. நல்ல படம். தற்கொலைத் தாக்குதலில் இறக்க மறுத்த விமானியின் குற்ற உணர்வைப் பேசுகிறது. எனினும் அந்த விமானி யாருடைய நிலங்களை ஆக்கிரமித்த படையில் இருந்தான் என்பதை அதுவும் பேசவில்லை.

இவற்றையெல்லாம் வாசித்த பின் இவ்வகைப் படங்கள் பற்றிய என் அபிப்பிராயம் இதுதான். மிருகம் ஒரு வசதியான உடை. சொல்லத் தடையுள்ள துயரத்தை அதற்குள் வைத்துச் சொல்லலாம். அதே உடை ஆபத்தானதும் கூட. மனிதர் செய்த ஒன்றை இயற்கை செய்தது போல் அது காட்டிவிடும். மிருகம் கடலில் இருந்து வருகிறது. சூறாவளியும் பேரலையும் அப்படித்தான் வருகின்றன. காரணத்தைச் சிறிது வெட்டி விட்டால் போதும், குண்டும் ஓர் அனர்த்தம் ஆகிவிடும். அனர்த்தத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

2004 இன் பேரலையை எவரும் எழுப்பவில்லை. சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. இறைவனின் நாட்டம் என்று எங்கள் பெரியவர்கள் ஆறுதல் கொண்டார்கள். அங்கே “ஆரு என்ன செஞ்ச” என்று கேட்க இடமில்லை. யாய்சுப் படகின் மீது பொழிந்த சாம்பல் அப்படியல்ல. அதற்குத் திகதி உண்டு, இடம் உண்டு, கட்டளையிட்டவர்கள் உண்டு. இரண்டையும் வேறாக்கித் தருவது அன்று வாப்பா கேட்ட அந்த ஒரு கேள்விதான். ஒரு பேரழிவைப் பற்றி எழுதப் புகும் எவரும், நாங்களும் உட்பட, முதலில் கேட்க வேண்டியது அதுவே என்று நினைக்கிறேன். எங்கள் கரையில் அலை செய்தது எது, மனிதர் செய்தது எது என்று பிரித்து எழுதுவது இன்னும் மீதமிருக்கிறது.

அந்த மரப்படகு அழியவில்லை. அரசு அதை வாங்கிப் பெயரை மாற்றிப் பயிற்சிக் கப்பலாகப் பாவித்தது. 1967 இல் கழித்துவிடப்பட்டது. டோக்கியோவின் குப்பைகள் கொட்டப்பட்ட யுமெனோஷிமாவில் அது கைவிடப்பட்டுக் கிடந்ததைச் சிலர் கண்டார்கள். பொதுமக்கள் குரல் கொடுத்தார்கள். 1976 முதல் அதே இடத்தில் ஒரு காட்சி மண்டபத்துக்குள் அது பாதுகாக்கப்படுகிறது. படகில் இருந்தவர்களுள் ஒருவரான மதாஷிச்சி ஓஇஷி, ஊராரின் ஒதுக்கலுக்கு அஞ்சி டோக்கியோவுக்கு வந்து சலவைக் கடை நடத்தியவர். தான் யார் என்பதை நெடுங்காலம் மறைத்து வாழ்ந்தார். எண்பதுகளில்தான் வாய் திறந்தார். பின் 2021 இல் மரணிக்கும் வரை பாடசாலைப் பிள்ளைகளுக்கு அந்தக் காலையின் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

எண்பதுகளின் நடுப்பகுதி என்றால் நாங்கள் அந்தப் பெருநாள் இரவில் சிரித்துக்கொண்டிருந்த அதே காலம். வாப்பாவின் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரு கடற்றொழிலாளி அப்போது உயிரோடு இருந்தார். இப்போது வாப்பாவும் இல்லை, அவரும் இல்லை. அடுத்த முறை என் பிள்ளைகள் இந்த மிருகத்தைப் பார்த்துச் சிரிக்கும்போது அவர்களைத் தடுக்க மாட்டேன். படம் முடிந்ததும் வாப்பா கேட்டதை மட்டும் நானும் கேட்பேன்.